பழைய கார்டுக்கு ஒரு தேதி, புதிய கார்டுக்கு ஒரு தேதி: ரிவார்டு பாயிண்ட் விதிகள் ஏன் மாறுகின்றன?

கிரெடிட் கார்டு நிறுவனம் அனுப்பும் அறிவிப்புகளில் பலரும் திறக்காமலே விட்டுவிடுவது, "உங்கள் கார்டின் பலன்களில் மாற்றம்" என்று தொடங்கும் மின்னஞ்சலைத்தான். திறந்து பார்த்தால் அதில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு தேதி, ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சில மாதங்கள் தள்ளி இன்னொரு தேதி. முழு அறிவிப்பையும் படிக்க நேரமில்லை என்றாலும் அந்த இரண்டு தேதிகளையும் அவற்றுக்குக் கீழே உள்ள வரிகளையும் படித்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் 2025-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஜேபிமார்கன் சேஸ் வங்கி தன் 'சஃபயர் ரிசர்வ்' கார்டின் ஆண்டுக் கட்டணத்தை 550 டாலரிலிருந்து 795 டாலராக உயர்த்தியது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஜூன் 23 முதலே புதிய விதிகள் அமலாயின. பழைய கார்டுதாரர்களுக்கு அக்டோபர் 26 வரை அவகாசம் கிடைத்தது. முன்பு வங்கியின் பயணத் தளத்துக்கு வெளியே செய்யும் எந்தப் பயணச் செலவாக இருந்தாலும் டாலருக்கு 3 புள்ளி. புதிய முறையில் விமான நிறுவனத்திடமோ ஹோட்டலிடமோ நேரடியாக முன்பதிவு செய்தால் 4, வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் செய்தால் 8, மற்ற பயணச் செலவுகளுக்கு வெறும் 1. அந்தத் தளத்தில் செலவழிக்கும்போது ஒரு புள்ளிக்கு 1.5 சென்ட் நிச்சயம் என்ற பழைய உறுதியும் போய், தேர்ந்தெடுத்த சில முன்பதிவுகளுக்கு மட்டும் 2 சென்ட் வரை கிடைக்கும் என்றானது. ஒரு விஷயத்தில் மட்டும் வங்கி விட்டுக்கொடுத்தது: பழைய கார்டுதாரர்கள் அக்டோபர் 26-க்கு முன் சேர்த்திருந்த புள்ளிகளுக்கு 1.5 சென்ட் மதிப்பு 2027 அக்டோபர் வரை தொடரும்.

ஆக, அந்தக் கோடைக்காலத்தில் ஒரே பெயருள்ள கார்டை வைத்திருந்த இருவருக்கு இரண்டு வேறு விதிகள். அக்டோபருக்குப் பிறகு, ஒரே ஆளின் கணக்கிலேயே பழைய புள்ளிக்கு ஒரு மதிப்பு, புதிய புள்ளிக்கு வேறொரு மதிப்பு. இப்படிப் பிரிப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவை புரிய வேண்டுமானால், புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

கார்டில் நூறு கொடுத்து ஒரு பொருள் வாங்கினால், விற்றவரின் கணக்கில் முழு நூறும் சேராது. ஒன்றரை, இரண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் கழித்துக்கொண்டுதான் அவருக்குப் போகும். கழித்ததில் பெரும்பங்கு, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. இதற்கு இன்டர்சேஞ்ச் கட்டணம் என்று பெயர். மீதியில் கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும், கொஞ்சம் விற்பவருடைய வங்கிக்கும் போகும். உங்களுக்குக் கிடைக்கும் புள்ளிக்கும் கேஷ்பேக்குக்கும் முதல் ஊற்று இந்த இன்டர்சேஞ்ச்தான்.

இரண்டாவது ஊற்று வட்டி. பில்லை முழுதாகக் கட்டாமல் நிலுவை வைப்பவர்கள் கட்டுவது. மூன்றாவது, ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணம் போன்றவை. நான்காவதாக, கார்டில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் விமான நிறுவனங்கள், ஹோட்டல்கள், கடைகள் தரும் பங்கு. இந்த நான்கில் எது வற்றினாலும் பலன்களில் எங்காவது ஒரு வெட்டு விழும்.

தொடக்கத்தில் கார்டுகளில் இந்தப் பரிசுப் பேச்சே கிடையாது. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோதும், 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் யாரும் கேட்காமலே சுமார் 60,000 பேருக்குக் கார்டை அஞ்சலில் அனுப்பியபோதும், கையில் காசில்லாமல் வாங்கலாம் என்பதே போதுமான கவர்ச்சியாக இருந்தது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்கு மைல்களை, அதாவது பின்னால் விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக் கூடிய புள்ளிகளை, கொடுக்கத் தொடங்கியது. 1986-ல் டிஸ்கவர் கார்டு, செலவில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க அறிமுகமானது. அடுத்த ஆண்டே சிட்டிபேங்க், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்களைச் சேர்க்கும் கார்டைக் கொண்டுவந்தது. அப்புறம் போட்டி பிடித்துக்கொண்டது.

ஊற்றை அடைத்தபோது

இன்டர்சேஞ்சும் பலன்களும் எவ்வளவு நெருக்கமாகக் கட்டுண்டவை என்பது ஊகமாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. மூன்று இடங்களில் அரசுகள் அந்தக் கட்டணத்தைக் குறைத்தன, மூன்றிலும் என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ரிசர்வ் வங்கி 2003-ல் கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சை, சராசரியாக 0.95 சதவீதம் அளவிலிருந்து 0.55 சதவீதம் அளவுக்கு இறக்கியது. அந்த ஆண்டில் 100 டாலர் பரிசுக் கூப்பன் வாங்கத் தேவையான புள்ளிகளைச் சேர்க்க, கார்டில் சராசரியாகச் சுமார் 12,400 டாலர் செலவழித்தால் போதும். நான்கைந்து ஆண்டுகளில் அதே கூப்பனுக்கு 16,000 டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டியதாயிற்று. கூப்பனின் முகமதிப்பு மாறவே இல்லை. கார்டின் பெயரும் விளம்பரமும்கூட மாறவில்லை. புள்ளி சேரும் வேகமும் புள்ளிக்குக் கிடைக்கும் மதிப்பும் மட்டும் படிப்படியாகத் தேய்ந்தன.

அமெரிக்காவில் 2010-ல் வந்த டர்பின் திருத்தம், பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு வரம்பு கட்டியது. 2011 அக்டோபர் முதல் ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும்தான் அடிப்படை உச்சவரம்பு. அதற்கு முன் டெபிட் கார்டுகளுக்கும் புள்ளிகள் கொடுத்துவந்த பெரிய வங்கிகள் அநேகமாக எல்லாமே அந்தத் திட்டங்களை மூடின. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் வரவில்லை, அதனால் அங்கே பலன்கள் தொடர்ந்து பெருத்தன.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பர் முதல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம் என்று வரம்பு விதித்தது. நூறில் முப்பது காசு அளவுதான் வருமானம் என்றால் அதிலிருந்து ஒரு சதவீதம் கேஷ்பேக் கொடுக்க முடியாது. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனில் பல வங்கிகள் அந்தச் சமயத்தில் கேஷ்பேக்கைக் குறைத்தன, சில கார்டுகளின் பலனை அடியோடு நீக்கின. பழைய கார்டுதாரர்களும் இதில் தப்பவில்லை. தானே கார்டு கொடுத்து, தானே விற்பவரோடும் ஒப்பந்தம் போடும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற அமைப்புகள் அந்த வரம்புக்குள் முழுமையாக வரவில்லை. அதனால் பிரிட்டனில் அவர்களுடைய பலன்கள் மற்றவற்றைவிடத் தாராளமாகவே நீடித்தன.

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு நாட்டுக் கார்டின் பலன்களை இன்னொரு நாட்டுக் கார்டோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதில் பொருளில்லை என்று தெரியும். வங்கியின் தாராள மனசைவிடச் சட்டம் அனுமதிக்கும் கட்டணமே அதிகம் தீர்மானிக்கிறது.

புள்ளி என்பது வங்கியின் கடன்

பலரும் கவனிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சேர்த்துவைத்த புள்ளிகள் வங்கியின் கணக்கேட்டில் கொடுக்கவேண்டிய பொறுப்பாக ஏறி நிற்கின்றன. கோடிக்கணக்கான பேரின் புள்ளிகளைக் கூட்டினால் அது பெரிய தொகை. அதில் எத்தனை பங்கு உண்மையில் கேட்டு வாங்கப்படும், எத்தனை பங்கு மறந்துபோய் வீணாகும் என்று வங்கி ஒரு மதிப்பீடு வைத்திருக்கும். அந்த மதிப்பீடு தவறினால் லாபமே ஆட்டம் காணும். 2018-ன் இரண்டாவது காலாண்டில் ஜேபிமார்கன் சேஸ் இந்தப் பொறுப்புக்காகச் சுமார் 33 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருந்தது. தான் கணித்ததைவிட அதிகப் புள்ளிகளை வாடிக்கையாளர்கள் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்ததே காரணம்.

இணையத்தில் புள்ளிகளை எப்படிச் செலவழிப்பது என்று ஆயிரக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் காலம் இது. வீணாகும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. அப்போது வங்கிக்குக் கண்ணில் படும் எளிய வழி, புள்ளியின் மதிப்பைக் குறைப்பது. ஒரு புள்ளியின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்கு வெட்டினால், அந்த வழியில் செலவாகவேண்டிய பழைய புள்ளிகளின் கடனும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். சேர்க்கும் விகிதத்தைக் குறைத்தால் வருங்காலச் செலவு மட்டும்தான் குறையும். சேர்த்ததன் மதிப்பைக் குறைத்தால் கடந்தகாலக் கடனும் சேர்ந்து கரைகிறது.

என் பார்வையில் இந்த இரண்டும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை இல்லை. நாளை முதல் குறைவாகத் தருவேன் என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு, நாளை முதல் அந்தக் கார்டைப் பயன்படுத்தாமல் இருக்க எனக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு மதிப்பைக் காட்டிச் செலவழிக்க வைத்துவிட்டு, செலவு முடிந்தபின் அந்த மதிப்பைக் குறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்டு, 2025 மே மாதம் திரும்பப் பெற்ற சுற்றறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது: மக்கள் ஏற்கெனவே ஈட்டிய புள்ளிகளை மதிப்பிழக்கச் செய்வது சட்டப்படி நியாயமற்ற நடைமுறையாகக் கருதப்படலாம். சஃபயர் ரிசர்வ் மாற்றத்தில் பழைய புள்ளிகளுக்கு இரண்டு ஆண்டு பாதுகாப்பு கொடுத்ததை, மற்ற நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச அளவாக நான் பார்க்கிறேன்.

புதியவருக்கு விருந்து, பழையவருக்கு அறிவிப்பு

புதிதாகச் சேருபவர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களே, பத்து வருஷமாக இருக்கும் நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எல்லோருக்கும் வருவதுதான். வரவேற்பு போனஸ் என்பது ஆள்பிடிக்கும் செலவு. விளம்பரத்துக்குப் போகவேண்டிய பணம் நேரே புதிய வாடிக்கையாளரிடம் போகிறது. அவர் அந்தக் கார்டை முதன்மைக் கார்டாக வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளில் அது திரும்பி வரும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016 ஆகஸ்ட்டில் பார்த்தோம். இதே சஃபயர் ரிசர்வ் அறிமுகமானபோது 450 டாலர் கட்டணத்துக்கு 1,00,000 புள்ளி போனஸ் தந்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்ததில் உலோகக் கார்டு செய்யும் தகடே தீர்ந்துபோய், பலருக்குத் தற்காலிக பிளாஸ்டிக் கார்டு அனுப்பப்பட்டது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு லாபத்தில் 20 முதல் 30 கோடி டாலர் வரை இது குறைக்கும் என்று வங்கியின் தலைவர் ஜேமி டைமன் டிசம்பரில் சொன்னார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் போனஸ் பாதியாகக் குறைந்தது. 2020-ல் கட்டணம் 550 டாலரானது. 2025-ல் 795. தொடக்க விருந்தின் செலவை, பின்னால் தங்கியவர்களின் கட்டணத்திலும் பலன்களிலும் ஈடுகட்டுவது இந்தத் தொழிலில் வழக்கமான பாதை.

போனஸை மட்டும் வாங்கிக்கொண்டு கார்டை மூடுபவர்களைத் தடுக்க நிறுவனங்கள் வேலி போட்டிருக்கின்றன. கடந்த 24 மாதங்களில் ஐந்து அல்லது அதற்கு மேல் கார்டு வாங்கியவரை சேஸ் பொதுவாக ஏற்பதில்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அமெரிக்காவில் ஒரு கார்டுக்கான வரவேற்பு போனஸை வாழ்நாளில் ஒருமுறைதான் தரும் என்று விதி வைத்திருக்கிறது.

சரி, பழையவர்களுக்கு ஏன் தாமதமாக அமலாகிறது? ஒன்று, முன்னறிவிப்புச் சட்டம். அமெரிக்காவில் 2009-ன் கார்டு சட்டப்படி வட்டியிலோ முக்கியக் கட்டணங்களிலோ மாற்றம் செய்ய 45 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதலில் கட்டண மாற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், அந்த மாற்றம் பாதகம் என்று கருதினால் நிலுவையைத் தீர்த்துவிட்டு எந்தக் கூடுதல் கட்டணமும் இல்லாமல் கார்டை ஒப்படைக்கலாம். இந்த விதிகள் பேசுவது கட்டணத்தையும் வட்டியையும். அமெரிக்காவின் 45 நாள் விதிக்குள் புள்ளிக் குறைப்பு வராது. புள்ளித் திட்டத்தின் நிபந்தனைகளில் "எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ உரிமை உண்டு" என்ற வரி அநேகமாக எல்லா நிறுவனங்களிடமும் இருக்கும். இரண்டாவது காரணம், ஆண்டுக் கட்டணத்தை முன்பே கட்டியவர் அந்த ஆண்டுக்கான பலன்களுக்குத்தான் கட்டினார் என்ற வாதம். நடுவில் வெட்டினால் புகார்களும் வழக்கும் வரும். மூன்றாவது காரணம் மனித இயல்பு: அவகாசம் கொடுத்தால் கோபம் ஆறும், பாதிப்பேர் அறிவிப்பையே மறந்துவிடுவார்கள்.

வெட்டு எங்கே ஒளிந்திருக்கும்

"நூறுக்கு இத்தனை புள்ளி" என்ற பெரிய எழுத்து எளிதில் மாறாது. அதைத்தான் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மாற்றம் சிறிய எழுத்தில் நடக்கும். மாதத்துக்கு இவ்வளவு புள்ளிக்கு மேல் சேராது என்ற உச்சவரம்பு வரும். விமான மைலாக மாற்றும் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதிலிருந்து இரண்டுக்கு ஒன்று என்றாகும். விமான நிலைய ஓய்வறை நுழைவு, முந்தைய மூன்று மாதங்களில் குறிப்பிட்ட தொகை செலவழித்தவர்களுக்கு மட்டும் என்றாகும். முந்நூறு மதிப்புள்ள சலுகை என்று சொல்லப்படுவது ஆறு துண்டாகி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு வைக்கப்படும். மறந்தால் அது வங்கிக்கு மிச்சம். ஒரே அறிவிப்பில் இரண்டு புதிய சலுகைகளை மேலே போட்டு, நான்கு வெட்டுகளைக் கீழே வைப்பதும் உண்டு.

எந்தச் செலவுக்குப் புள்ளி உண்டு என்பதைத் தீர்மானிப்பது ஒவ்வொரு விற்பவருக்கும் தரப்பட்டிருக்கும் நான்கு இலக்க வகைக் குறியீடு. மளிகைக்கு 5411, வீட்டு வாடகைக்கு 6513, மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளுக்கு 4900. விதியில் ஒரு எண்ணைச் சேர்த்தாலோ நீக்கினாலோ ஒரு முழு வகைச் செலவுக்கே பலன் போய்விடும். வாடகை, வாலட்டில் பணம் நிரப்புதல், வரி, காப்பீடு, கல்விக் கட்டணம் ஆகியவை திரும்பத் திரும்ப இந்த வெட்டில் சிக்குகின்றன. சிலவற்றில் இன்டர்சேஞ்ச் குறைவு. மற்ற சிலவற்றில் பணத்தைச் சுற்றவிட்டுப் புள்ளி மட்டும் சேர்ப்பது எளிது.

பணத்தைச் சுற்றவிடும் வேலைக்குப் பழைய உதாரணம் அமெரிக்க நாணயச்சாலையில் நடந்தது. ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, அவற்றை முகமதிப்புக்கே, அனுப்பும் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கி, பெட்டியோடு கொண்டுபோய் வங்கியில் கட்டி, அதே பணத்தில் கார்டு பில்லை அடைத்தார்கள். கையில் ஒரு காசு குறையவில்லை, மைல்கள் மட்டும் மலையாகக் குவிந்தன. 2011-ல் அந்தத் திட்டத்துக்கு கார்டு செல்லாது என்று நாணயச்சாலை அறிவித்தது. இன்றைய நிபந்தனைகளில் இருக்கும் நீண்ட விலக்குப் பட்டியல்களில் பல வரிகள், இப்படி யாரோ சிலர் ஒரு வழியைக் கண்டுபிடித்ததன் விளைவாக வந்தவை. அதன் சுமை, ஒழுங்காக வாடகை கட்டிப் புள்ளி சேர்த்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

இன்னொரு அடுக்கும் உண்டு. புள்ளியை விமான மைலாக மாற்றினால், அதன்பின் மதிப்பைத் தீர்மானிப்பது விமான நிறுவனம். மைல் விற்பது அவர்களுக்குப் பெரிய வருமானம். டெல்டா ஏர்லைன்ஸுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து 2023-ல் சுமார் 700 கோடி டாலர் வந்தது. அதே டெல்டா 2023 செப்டம்பரில், கார்டு வழியாக ஓய்வறைக்கு எத்தனை தடவை வரலாம் என்பதற்குக் கடும் வரம்பு அறிவித்தது. பயணிகள் கொதித்தார்கள். அக்டோபரில் நிறுவனம் இறங்கிவந்து, ஒரு கார்டுக்கு ஆண்டுக்கு 6 என்றிருந்ததை 10 ஆகவும், இன்னொன்றுக்கு 10 என்றிருந்ததை 15 ஆகவும் உயர்த்தியது. வரம்பே இல்லாமல் இருந்த நிலை திரும்பவில்லை. ஆனாலும் கூட்டமாகக் குரல் எழுப்பினால் அறிவிப்பு மாறும் என்பதற்கு இது சாட்சி.

யார் பணம் இது

இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. விற்பவர் கட்டும் கட்டணம் பொருளின் விலையில் ஏறுகிறது. அந்த விலையைக் கார்டில் கொடுப்பவரும் கொடுக்கிறார், ரொக்கத்தில் கொடுப்பவரும் கொடுக்கிறார். புள்ளி முதலாமவருக்கு மட்டும். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-ல் கணக்கிட்டபடி, ரொக்கத்தில் வாழும் சராசரி அமெரிக்கக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரை இப்படிக் கார்டு பயன்படுத்துபவர்களுக்குக் கைமாற்றுகிறது. 2023-ல் வந்த இன்னொரு ஃபெடரல் ரிசர்வ் ஆய்வு கார்டுதாரர்களுக்குள்ளேயே பார்த்தது. நிலுவை வைத்து வட்டி கட்டுபவர்களிடமிருந்து முழுதாகக் கட்டுபவர்களுக்குப் பலன் நகர்கிறது, அதனால் ஏழைப் பகுதிகளிலிருந்து வசதியான பகுதிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் போகிறது என்றது. பலன் வெட்டப்பட்டதும் வரும் ஏமாற்றம் உண்மையானதுதான். அந்தப் பலனுக்கு யாரோ ஒருவர் காசு கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

அறிவிப்பு வந்ததும்

முதலில், பழைய புள்ளிகளுக்கு என்ன ஆகிறது என்று தேடுங்கள். மதிப்புக் குறையும் என்றால், தேவையான பயணமோ பொருளோ இருந்தால் கெடுவுக்கு முன் செலவழிப்பது நல்லது. குறையப் போகிறதே என்று அவசரப்பட்டு மைலாக மாற்றிவிடாதீர்கள். மாற்றியதைத் திரும்பப் புள்ளியாக்க பொதுவாக வழியில்லை.

அடுத்து, உங்கள் கடந்த ஓராண்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, புதிய விதியில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்கிடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் மொத்த மதிப்பை நம்ப வேண்டாம். நீங்கள் எப்படியும் வாங்கியிருக்கக் கூடிய சலுகையை மட்டும் சேருங்கள். அதில் ஆண்டுக் கட்டணத்தைக் கழித்து மீதி எதுவும் இல்லையென்றால், கட்டணமில்லாத கார்டாக மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன, சில சமயம் தக்கவைத்துக்கொள்ள ஒரு சலுகையும் தரும். நிலுவை வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஒரு செலவுக்குக் கிடைத்த புள்ளியை அதன் ஒரே மாத வட்டி விழுங்கிவிடும், அப்போது பார்க்க வேண்டியது குறைந்த வட்டியுள்ள கார்டைத்தான்.

மூடுவதென்று முடிவெடுத்தால், பல திட்டங்களில் கார்டு மூடிய கணத்தில் புள்ளிகள் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். புள்ளியைச் செலவழித்து, நிலுவையைத் தீர்த்து, தானாகக் கழியும் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றி, அப்புறம் மூடுங்கள். பழைய விதிகள் இருந்த பக்கத்தையும் மாற்ற அறிவிப்பையும் தேதியோடு சேமித்து வைத்துக்கொண்டால், புள்ளிக் கணக்கில் தகராறு வரும்போது புகாரோடு இணைக்க அவை போதும்.